கோச்சிக் கதவு, கடல் கதவு

பைறூஸ் முதல் முறை வந்தபோது கையில் ஒன்றும் இருக்கவில்லை. இரண்டாம் முறை இரும்பு அலவாங்கோடு வந்தான்.

முதல் முறை வந்தது சோளகக் காலத்துக் காலையொன்றில். காற்று மணலை அள்ளி அள்ளிப் பழைய ஸ்ரேசன் மேடையில் கொட்டிக்கொண்டிருந்தது. நிறஞ்சலா மேடையில் குந்தியிருந்து மீனுக்குச் செதில் உரித்தாள். அவளுடைய புருசன் றெனால்ட் இரண்டு இரும்புத் தூண்களுக்கு நடுவில் வலையை இழுத்துக் கட்டி, அறுந்த கண்களை ஊசியால் பொத்திக்கொண்டிருந்தான். எருக்கலம்பிட்டிப் பக்கமிருந்து வந்த ஓட்டோவொன்று கல் வளைவுக்குக் கீழே நின்றது. முப்பது வயது மதிக்கத்தக்க ஒருவனும், கறுப்பு அபாயா போட்ட வயதான பெண்ணொருத்தியும் இறங்கினார்கள்.

அந்தப் பெண் ஒருவரையும் ஒன்றும் கேட்கவில்லை. தன் வீட்டுக்குள் போகிறவள்போல நேரே அவர்கள் குடியிருந்த அறைக்குள் போனாள். அறையின் நடுவில் வெள்ளை மாபிள் பதித்த நீளமான மேசையொன்று கல்லோடு கல்லாகக் கட்டப்பட்டிருந்தது. அதன் மேல் மாதா சுரூபமும் அரிசி வாளியும் மகள் மதுஷிகாவின் பள்ளிக்கூடப் புத்தகங்களும் இருந்தன. அவள் மாபிளில் கையை வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

"ஆர் நீங்கள்? என்ன வேணும்?" என்று நிறஞ்சலா மீன் கையோடு பின்னால் ஓடிவந்தாள்.

"சித்தி மரியம் எண்டு பேர். எங்கட வாப்பாதான் இந்தச் சாப்பாட்டுக்கடை நடத்தினவர். இந்த மேசையில இருந்துதான் நான் பிஞ்ச கொப்பியில கணக்குப் படிச்சனான்."

வந்தவர்களுக்குத் தேத்தண்ணி வைப்பதுதான் நிறஞ்சலாவுக்குத் தெரிந்தது. அடுப்பை மூட்டினாள்.

தீவின் மேற்கு முனையில், இனி மண் இல்லை என்கிற இடத்தில் அந்த ஸ்ரேசன் நிற்கிறது. ஒரு பக்கம் தண்டவாளத்தில் கோச்சி வந்து நிற்கும். மறுபக்கம் கப்பல் வந்து கட்டும். நடுவில் முருகைக்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய வளைவுகள், ஆனை தலை குனியாமல் நுழையலாம். அவற்றுக்கு அப்பால் வார்ப்பிரும்புத் தூண்கள் தாங்கிய நெடுங்கூரை கடலுக்குள் போகிற இறங்குதுறை வரைக்கும் நீண்டு கிடந்தது. இரவுக் கோச்சியில் கொழும்பிலிருந்து வந்தவன் மழை ஒரு துளி படாமல் கப்பலில் ஏறினான். தேயிலைத் தோட்டங்களுக்கு ஆட்கள் இறங்கி வந்ததும் இந்தக் கூரைக்குக் கீழேதான். பிறகு அவர்களுடைய பிள்ளைகளை, பிறந்த நாடு உங்களுடையதில்லை என்று சொல்லி ஏற்றி அனுப்பியதும் இதே கூரைக்குக் கீழேதான். ஊரே அந்த ஸ்ரேசனைப் பார்த்துத்தான் கட்டப்பட்டிருந்தது. றோட்டு அங்கேதான் போய் முடிந்தது. மாதா கோயில் வாசலும் பள்ளிவாசல் வாசலும் அதை நோக்கித்தான் திறந்தன. கப்பல் நின்றபோது கடைகள் பாதி மூடின. சண்டை வந்து கோச்சியும் நின்றபோது மிச்சமும் மூடின. தண்டவாளங்கள் பதுங்குகுழிகளுக்குக் கூரையாகப் போயின. சண்டை முடிந்து கோச்சி திரும்பி வந்தபோது, சற்றுத் தள்ளிச் சின்னதாகப் புது ஸ்ரேசனொன்றைக் கட்டிக்கொண்டார்கள். பழையதைக் கழுதைகளுக்கும் காற்றுக்கும் விட்டுவிட்டார்கள்.

பழைய ஸ்ரேசனின் சாப்பாட்டு அறைக்கு இரண்டு கதவு. ஒன்று மேடைக்குத் திறக்கும், மற்றது கடலுக்கு. கோச்சிக்காரர் ஒன்றால் வந்து தின்றுவிட்டு மற்றதால் கப்பலுக்குப் போவார்கள். சித்தி மரியத்தின் வாப்பா குத்தகைக்கு எடுத்திருந்தது அந்த அறையைத்தான். தொண்ணூறில் துவக்கோடு வந்த தமிழ் இயக்கம் முஸ்லிம்கள் எல்லாரையும் தீவை விட்டுப் போகச் சொன்னபோது, அடுப்பில் இருந்த கறிச்சட்டியை இறக்கி வைத்துவிட்டுப் போனார். புத்தளத்தில் ஓலைக் கொட்டிலொன்றில் மௌத்தானார். சித்தி மரியத்தின் மகன் பைறூஸ் அந்தக் கொட்டிலில் பிறந்தவன்.

றெனால்டும் நிறஞ்சலாவும் விடத்தல்தீவுக்காரர். கடைசிச் சண்டையில் வன்னி முழுக்க ஓடி, மூத்த மகனைப் பதுங்குகுழியிலேயே புதைத்துவிட்டு, முகாமில் கிடந்து, கைக்குழந்தை மதுஷிகாவோடு இந்தக் கரைக்கு வந்து சேர்ந்தவர்கள். அறையில் அப்போது ஆமிக்காரர் விட்டுப்போன மண்மூட்டைகள் கூரை வரைக்கும் இருந்தன. மூட்டைகளை ஒவ்வொன்றாகக் கடலில் கொட்டித்தான் அவர்கள் அந்த வீட்டைத் தேடி எடுத்தார்கள்.

பைறூஸ் தேத்தண்ணிக் கோப்பையை வாங்கிக் குடிக்காமல் வைத்திருந்தான்.

"அண்ணன், நாங்க சண்டைக்கு வரல்ல. கப்பல் திருப்பி விடப்போறாங்களாம். ஸ்ரேசனைத் திருத்தப் போறாங்களாம். அறையில ஆர் இருக்கிறாங்களோ அவங்களுக்குத்தான் கடை குடுக்கிறதாம். அதான் வந்திரிக்கம்."

"அறையில நாங்கள்தான் இருக்கிறம்" என்றான் றெனால்ட். வலையில் இருந்து கண்ணை எடுக்கவில்லை.

"இது எங்கட மூத்தவாப்பாட இடம்."

"காணி உறுதி இருக்கா?"

"உங்களிட்ட இரிக்கா?"

"என்னட்ட ஏன் கேக்கிறாய்? நாங்கள் வரேக்க இதுக்குள்ள பாம்பு குட்டி போட்டிருந்தது. அப்ப எங்க போனனீங்கள்?"

"எங்க போனமெண்டு உங்களுக்குத் தெரியாதா? ஆர் போகச் சொன்னதெண்டு தெரியாதா?"

"நான் சொன்னனானா? சொல்லு, நான் வந்து சொன்னனானா?"

"நீங்க சொல்லல்ல. உங்கட ஆக்கள்தானே சொன்னது."

றெனால்ட் ஊசியை வைத்துவிட்டு எழுந்து வந்து பைறூஸின் கன்னத்தில் அறைந்தான். கோப்பை மேடையில் விழுந்து உடைந்தது. பைறூஸ் கையை ஓங்கியபோது உம்மா குறுக்கே வந்தாள். மகனை ஓட்டோவரைக்கும் நெஞ்சில் தள்ளித் தள்ளிக் கொண்டுபோனாள். ஏறுவதற்கு முன் திரும்பி நிறஞ்சலாவைப் பார்த்து, "தேத்தண்ணி நல்லாத்தான் இருந்தது புள்ள" என்றாள்.

அன்றைக்குப் பிறகு றெனால்ட் கடலுக்குப் போகும்போதெல்லாம் நிறஞ்சலா இரண்டு கதவையும் உள்ளே கொளுக்கி போட்டுக்கொண்டாள். புருசனிடம் ஒருநாள் கேட்டும் பார்த்தாள்.

"கொஞ்சம் இடம் குடுத்தா என்ன? பெரிய அறைதானே. அதுகளும் ஓடின சனந்தானே."

"நான் ஒருக்கா விட்டிட்டு வந்தனான். இனி ஒரு இடமும் விடமாட்டன்" என்றான் அவன். பதுங்குகுழியைத்தான் சொல்கிறான் என்று அவளுக்குத் தெரியும்.

பைறூஸ் இரண்டாம் முறை வந்தபோது றெனால்ட் கடலில் இருந்தான். பைறூஸோடு அவனுடைய மச்சான் ஹில்மியும் வந்திருந்தான். நிறஞ்சலா உள்ளே இருந்து, "அவர் இல்லை, பிறகு வாங்கோ" என்று கத்தினாள். பதிலுக்கு அலவாங்குதான் பேசியது. மேடைக் கதவு பழைய தேக்கு. கொளுக்கி கழன்று, பிணைச்சல் பிய்ந்து, கதவு உள்ளே விழுந்தது. மதுஷிகா வீரிட்டுக்கொண்டு கடல் கதவால் ஓடினாள். அப்பாவின் வள்ளம் கரை தட்டுகிற பக்கமாகத்தான் ஓடினாள்.

"அக்கா, உங்களில கை வைக்கமாட்டம். சாமான மட்டும் வெளிய எடுத்து வைக்கிறம்" என்றான் பைறூஸ். அவளுடைய முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னான். ஆனால் கை நிற்கவில்லை. அரிசி வாளி போனது. பாய் போனது. புத்தகங்கள் காற்றில் பிரிந்து தண்டவாளம் இருந்த பள்ளத்துக்குள் பறந்தன. நிறஞ்சலா அவனுடைய சேட்டுக் கையைப் பிடித்து இழுத்தாள், கிழித்தாள், தோளில் கடித்தாள். அவன் அவளை உதறியபோது அவனுடைய முழங்கை மேசையில் பட்டது. மாதா சுரூபம் விழுந்து கழுத்தோடு முறிந்தது.

ஹில்மிதான் முதலில் குனிந்து தலையை எடுத்தான். அதை எங்கே வைப்பதென்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டு நின்றான்.

அந்த நேரத்தில்தான் றெனால்ட் கடல் கதவால் வந்தான். இடுப்புக்குக் கீழே நனைந்திருந்தது. கையில் மீன் வெட்டுகிற கத்தி. முதலில் மகளின் புத்தகங்கள் கிடந்த இடத்தைப் பார்த்தான். பிறகு ஹில்மியின் கையில் இருந்த தலையைப் பார்த்தான். கத்தியை ஓங்கிக்கொண்டு பைறூஸின் மேல் பாய்ந்தான். பைறூஸ் முகத்தை மறைக்க வலது கையைத் தூக்கினான். கத்தி மணிக்கட்டுக்கு மேலே குறுக்காக இறங்கியது. எலும்பில் பட்டு நின்றதை நிறஞ்சலா கேட்டாள். மரம் வெட்டும்போது கேட்கிற சத்தம் அல்ல, சுறா வெட்டும்போது கேட்கிற சத்தம். இரண்டாம் முறை ஓங்குவதற்குள் ஹில்மி கிடந்த அலவாங்கை எடுத்து றெனால்டின் விலாவில் அடித்தான். விழுந்தவனை மேலும் அடித்தான். பிறகு அலவாங்கைப் போட்டுவிட்டு மச்சானைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓட்டோவுக்கு ஓடினான். மாபிள் மேசையில் இருந்து இரத்தம் ஒழுகி, மேடை வழியாக ஓட்டோவரைக்கும் போயிருந்தது.

சுரூபம் முறிந்த கதையும் கை அறுந்த கதையும் ஓட்டோவை விட வேகமாகப் போயின. பின்னேரம் ஆவதற்குள் மேடையின் ஒரு முனையில் கோயில் பக்கத்துச் சனமும் மறுமுனையில் பள்ளிவாசல் பக்கத்துச் சனமும் கூடிவிட்டன. துடுப்பும் பொல்லும் இரும்புக் கம்பியும் வந்தன. ஆர் எறிந்ததோ, முதல் கல் கூரைத் தகரத்தில் விழுந்தது. பிறகு மழைபோல விழுந்தன. மிஞ்சியிருந்த கூரை முழுவதும் ஒரே இடியாக அதிர்ந்தது. நிறஞ்சலா மகளை மாபிள் மேசைக்குக் கீழே தள்ளி, அவளுக்கு மேலே தான் கிடந்தாள். ஷெல் விழுந்த நாட்களில் கிடந்ததுபோலவே கிடந்தாள். ஒரு கிழவனுக்கு மண்டை உடைந்தது. கடையொன்று எரிந்தது. பாதரும் மௌலவியும் வந்து நடுவில் நின்று கத்திக் கத்திக் குரல் போனபிறகுதான் பொலிஸ் வந்தது. விலா முறிந்த றெனால்டை ஆஸ்பத்திரிக்கும், அங்கிருந்து மறியல் சிறைக்கும் கொண்டுபோனார்கள். ஹில்மியையும் பிடித்தார்கள்.

அடுத்த நாள் மதுஷிகாவை முருங்கனில் இருக்கும் சின்னம்மா வீட்டுக்கு பஸ் ஏற்றிவிட்டு நிறஞ்சலா திரும்பி வந்தபோது, விழுந்து கிடந்த கதவுக்குப் பக்கத்தில் சித்தி மரியம் பாயை விரித்து உட்கார்ந்திருந்தாள். ஒரு பையும் ஒரு தண்ணீர்ப் போத்தலும் பக்கத்தில் இருந்தன.

"எழும்புங்கோ" என்றாள் நிறஞ்சலா.

"எழும்பமாட்டன்."

"நான் நல்லாச் சொல்லுறன். எழும்புங்கோ."

"என்ட புள்ளைட கைய வெட்டிட்டு நல்லா வேற சொல்றியா? வெட்டு. என்னையும் வெட்டு. கத்திய பொலிஸ் கொண்டு போயிட்டெண்டா அலவாங்கு கிடக்கு, எடு."

நிறஞ்சலா அவளுடைய கைகளைப் பிடித்து இழுத்தாள். கிழவி பாரமாக இருந்தாள். முக்காட்டோடு சேர்த்துக் கூந்தலைப் பிடித்து இழுத்தாள். சித்தி மரியம் நகத்தால் அவளுடைய கழுத்தைப் பிறாண்டினாள். இருவரும் கதவுப் பலகையில் தடுக்கி விழுந்தார்கள். முழங்கால் தேய்ந்து, மூச்சு வாங்கி, கடைசியில் நிறஞ்சலா அவளைப் பாயோடு மேடைக்கு இழுத்துப் போட்டாள். பெருமூச்சு விட்டுத் திரும்பினால், கிழவி சுவரைச் சுற்றி நொண்டிக்கொண்டு வந்து கடல் கதவால் உள்ளே நுழைந்து மாபிள் மேசையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்கிறாள்.

நிறஞ்சலா அலவாங்கை எடுத்தாள். அதன் நுனியில் றெனால்டின் இரத்தமோ பைறூஸின் இரத்தமோ காய்ந்திருந்தது. தூக்கிப் பார்த்தாள். அடிக்கலாம் போலத்தான் இருந்தது. அடித்திருப்பாள். ஆனால் சித்தி மரியம் முகத்தை மறைக்கவில்லை. நேரே பார்த்துக்கொண்டு நின்றாள். நிறஞ்சலா அலவாங்கைச் சுவரில் வீசினாள். சுண்ணாம்பு பெயர்ந்து விழுந்தது.

"அந்தப் பக்கம் கிடவுங்கோ. இஞ்சால வந்தீங்களெண்டா நான் மனிசியா இருக்கமாட்டன்."

றெனால்டின் நைலோன் வலையை மேசைக்குக் குறுக்கே, சுவருக்குச் சுவர் கட்டினாள். மேடைப் பக்கம் நிறஞ்சலா. கடல் பக்கம் சித்தி மரியம்.

அப்படியே நாட்கள் போயின. ஒருத்தி அந்தப் பக்கம் விறகு மூட்டினாள், ஒருத்தி இந்தப் பக்கம். நிறஞ்சலா வள்ளக்காரச் சம்மாட்டிமாருக்குக் கருவாடு காயப் போடப் போய் வந்தாள். சித்தி மரியம் ரொட்டி சுட்டு, சம்பல் அரைத்து, புது ஸ்ரேசனுக்கு வருகிற ஆட்களிடம் விற்றாள். எருக்கலம்பிட்டியில் இருந்து அவளுடைய ஆட்கள் வந்து கூப்பிட்டார்கள், போகவில்லை. கோயில் பக்கத்துப் பெடியன்கள் வந்து, "அக்கா, சொல்லுங்கோ, கிழவியைத் தூக்கி வெளியில போடுறம்" என்றார்கள்.

"எனக்குத் தூக்கத் தெரியும். போங்கோ" என்றாள் நிறஞ்சலா.

வலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக அவர்கள் பேசிக்கொண்டது கொஞ்சம்.

"உங்கட மகனுக்கு எப்பிடி?"

"நரம்பு தைச்சிரிக்கி. விரல் மடங்குதில்ல. மேசன் வேலை செய்த கை."

நிறஞ்சலா வெங்காயம் அரிந்துகொண்டே இருந்தாள்.

"உன்ட மனிசனுக்கு?"

"மூச்சு விட நோகுதாம்."

"நோகட்டும்" என்றாள் சித்தி மரியம்.

மாதா சுரூபத்தின் தலையை நிறஞ்சலா பசை வைத்து ஒட்டியிருந்தாள். சற்றுச் சரிந்துதான் நின்றது. பலத்த காற்றடித்த மத்தியானமொன்றில் அவள் கருவாட்டு வாடியில் இருந்து ஓடிவந்து பார்த்தபோது, வலைக்கு அந்தப் பக்கம் இருந்தவள் வலைக்குள்ளால் கையை விட்டுச் சுரூபத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நிறஞ்சலா அருகே வந்ததும் கையை எடுத்துக்கொண்டாள்.

ஸ்ரேசனைத் திருத்தப் போகிறார்கள் என்ற கதை பிறகு வேறு கதையானது. வளைவுகள் எல்லாம் உளுத்துவிட்டன, திருத்துவதைவிட உடைத்துக் கட்டுவது லேசு என்று கொந்தராத்துக்காரர் ஒருவர் முடிவெடுத்துவிட்டாராம். கடலைப் பார்த்தபடி ஹோட்டல் வருமாம். அதைச் சொல்ல ஒருவரும் வரவில்லை. சுவர் இடிக்கிற பெக்கோ மெசின்தான் வந்தது.

முதல் அடி பார்சல் அறைச் சுவரில் விழுந்தது. முருகைக்கல் இலேசில் விழாது. பொருமி, தூசி கக்கி, கடைசியில் மொத்தமாகச் சரிந்தது. தூணொன்று வளைந்து முறிந்தபோது கோயில் மணி உடைந்ததுபோல ஊர் முழுக்கக் கேட்டது. அதைக் கேட்டு மேடையின் இரண்டு முனையிலும் சனம் வந்து நின்றது. முந்தி கல்லெறிந்த அதே சனந்தான். இப்போது ஒருவர் கையிலும் ஒன்றும் இருக்கவில்லை. வாயைத் திறந்துகொண்டு பார்த்தார்கள். றோட்டின் முடிவில் எப்போதும் நின்ற வளைவு இருந்த இடத்தில் வெறும் வானம் தெரிந்தது.

மெசின் சாப்பாட்டு அறைக்குத் திரும்பியது. மேற்பார்வைக்காரன் முன்னால் வந்து, "வெளிய வாங்கோ அம்மா, ரெண்டு பேரும் வாங்கோ. சாமானை எடுக்க நேரம் தாறன்" என்றான்.

நிறஞ்சலா அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த சோற்றுப் பானையைக் கஞ்சியோடு தூக்கிக்கொண்டு வந்து அவனுடைய காலடியில் ஊற்றினாள். அவன் அலறிக்கொண்டு பின்னால் பாய்ந்தான். அவனோடு வந்த இருவர் அவளைப் பிடித்து, கையை முறுக்கி, மேடையில் முகம் குப்புற அமுக்கினார்கள். அவளுடைய பல்லொன்று கல்லில் பட்டு உடைந்தது. மெசினின் கை தூக்கியபடியே முன்னேறியது. அப்போதுதான் வலையை இழுத்து அறுத்துக்கொண்டு சித்தி மரியம் வெளியே வந்தாள். கையில் அலவாங்கு. பெக்கோ ஓட்டுகிறவன் இருந்த பெட்டியின் கண்ணாடியில் அடித்தாள். கண்ணாடி சிதறியது. மறுபடி அடித்தாள். வந்து தடுத்தவனின் தோளில் அடித்தாள். அவன் அவளை நெஞ்சில் உதைத்தான். அவள் மல்லாந்து விழுந்தாள். தலையில் இருந்து இரத்தம் வந்தது. விழுந்தும் அலவாங்கை விடவில்லை.

நிறஞ்சலா தன்னைப் பிடித்திருந்தவனின் கையைக் கடித்து உதறிக்கொண்டு ஓடிப்போய் அவளுக்கு முன்னால் நின்றாள். வாயில் இருந்து இரத்தம் நாடியில் வழிந்தது. மேடையின் இரண்டு முனையிலும் நின்ற சனம் அசைந்தது. பள்ளிவாசல் பக்கத்தில் இருந்து ஒருவர் நடந்து வந்தார். கோயில் பக்கத்தில் இருந்து இருவர் வந்தார்கள். பிறகு எல்லாரும் வந்தார்கள். முகத்தில் கண்ணாடி கீறிய பெக்கோக்காரன் மெசினை நிற்பாட்டிவிட்டு இறங்கி ஓடினான்.

மேற்பார்வைக்காரன் வெந்த காலைப் பிடித்துக்கொண்டு கத்தினான்: "இந்த அறை ஆற்றயெண்டு ஒருக்காச் சொல்லுங்கோவன்! ஆற்ற அறை?"

"என்ர" என்றாள் நிறஞ்சலா.

"என்ட" என்றாள் கீழே கிடந்தவள்.

இரண்டும் ஒன்றாகத்தான் வந்தன. ஒருத்தியை ஒருத்தி பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு வேலை நின்றது. ஊர்ச் சனம் இரவுபகலாக வளைவுகளுக்குக் கீழே இருந்தது. அரசாங்கக் கந்தோர்காரர் வந்தார்கள், பார்த்தார்கள், போனார்கள். மிச்சமிருந்ததை இடிக்கக் கூடாதென்று நீதிமன்றம் தடை போட்டது. வழக்கு இன்னும் நடக்கிறது. அறை நிற்கிறது.

றெனால்டுக்குப் பிணை கிடைத்தது வாடைக்காற்று தொடங்கின காலத்தில். மெலிந்து, ஒரு பக்கம் சாய்ந்து நடந்து வந்தான். மேடையில் ஏறியபோது அறைக்குள் இரண்டு பெண்கள் இருப்பது தெரிந்தது. ஒரே அடுப்பு எரிந்தது. நடுவில் வலை இல்லை. சித்தி மரியம் மாபிள் மேசையில் மாவைப் போட்டுப் பிசைந்துகொண்டிருந்தாள். றெனால்டின் முகம் கறுத்தது.

"இவ இஞ்ச என்ன செய்யிறா?"

நிறஞ்சலா வந்து வாசலில் நின்றாள். அவன் சிறையில் இருந்தபோது நினைத்து நினைத்துப் பார்த்த முகம் அதுதான். முன்பல் இல்லாமல் அது வேறு ஆளுடையதுபோல இருந்தது. அவள் கதவு நிலையில் ஒரு கையை வைத்தாள்.

"இஞ்சேருங்கோ, நீங்கள் உள்ளுக்க வாறதெண்டா அவவிட்டக் கேளுங்கோ."

"என்ர வீட்டுக்க வர நான் ஆரிட்டக் கேக்கிறது?"

"அவவிட்ட."

அவன் கையை ஓங்கினான். அவள் அசையவில்லை. ஓங்கிய கை விலாவின் நோவில் தானாகவே இறங்கியது. பின்னால் மேடையில் சனம் போய்வந்துகொண்டிருந்தது. அவன் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு உள்ளே பார்த்தான். பிறகு, நிலத்தைப் பார்த்துக்கொண்டு, "உம்மா, வரலாமா?" என்றான்.

சித்தி மரியம் மாவில் இருந்து கையை எடுத்தாள். கையைத் துடைத்தாள். அவனைப் பார்த்தாள்.

"என்ட மகன் ஒருநாள் இஞ்ச வருவான். அந்தக் கையால ஒரு தேத்தண்ணிக் கோப்பையத் தூக்கிக் குடிப்பான். அண்டைக்கு வா."

நிறஞ்சலா ஒரு தட்டில் ரொட்டியும் சம்பலும் போட்டுக் கொண்டுவந்து வாசலுக்கு வெளியே வைத்தாள். றெனால்ட் மேடையில், தூணொன்றில் முதுகைச் சாய்த்து மெல்ல உட்கார்ந்தான். தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான்.